அனந்தகிரிப் பனியில் ஒரு சீழ்க்கை

பனிக்குள்ளிருந்து அந்தச் சீழ்க்கை மீண்டும் எழுந்தது. ஓடைக்கரையில் நின்ற ஹம்ஸினி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அங்கிள்... சீகாரப் பூங்குருவி!"

பறவை பார்க்கும் குழுவின் தலைவர் வேணுகோபால் திடுக்கிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மனிதனைப் போலவே சீழ்க்கையடிக்கும் அப்பறவையை, ஐதராபாத்தை அடுத்த இந்த அனந்தகிரியில் அக்குழுவினர் எவரும் அதுவரை கண்டதுமில்லை, கேட்டதுமில்லை.

"நிஜமாவா? சபாஷ்! இன்னிக்கே எல்லாருக்கும் மெயில் போட்டுடறேன். உன் பேர்லதான்!"

அவள் விழிகள் அகன்றன... கார்த்திகை மாதத்து முதற்குளிரில் அவள் முகமெல்லாம் மலர்ந்து சிரித்தபோது, பனித்திரையை விலக்கிக்கொண்டு வந்த ஜகதீசன் அப்படியே நின்றுவிட்டான்.

ஏனெனில், சீழ்க்கையடித்தவன் அவனே!

வால்பாறையில் பிறந்தவன், மென்பொருள் வேலைக்காக இந்நகருக்கு வந்தவன். நண்பனின் வற்புறுத்தலால் இன்றுதான் முதன்முறையாகக் குழுவோடு வந்திருந்தான். குளிர்பனி முகத்தில் பட்டதும், விடியல்தோறும் கேட்டு வளர்ந்த அந்த இசை அவனையறியாமலே உதட்டில் வந்துவிட்டது.

சொன்னால் இந்தச் சிரிப்பு அணைந்துவிடும்... சொல்லாவிட்டால் ஒரு பொய் அவள் பெயரோடு ஊரெல்லாம் போகுமே!

கிளையொன்றில் கொண்டைக்குருவி ஒன்று சிறகை உப்பிக்கொண்டு பஞ்சுருண்டைபோல் ஒடுங்கியிருந்தது. மற்றவர்கள் அதைக் காண நகர்ந்ததும், அவன் அவளருகே சென்றான்.

"ஏங்க... அது பறவையில்லீங்க. நான்தானுங்க."

"நீங்களா? கைக்கு? ஏன் இப்படிப் பண்ணினீங்க?" லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த அவளுக்குக் கோபம் வந்தால் ஐதராபாத்து உருதுவும் கலந்துவரும். "காட்டுல வந்து விசிலடிக்கறதா? அறிவு வேண்டாமா?"

"இருந்துச்சுங்க. பனியைப் பார்த்ததும் போயிருச்சுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, தன்மானம் அதைத் தடுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுன்னு நானே அவர்கிட்டச் சொல்லிடறேனுங்க..."

"நக்கோ, வேண்டாம்! என் வாயால சொன்னதை நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

நேரே வேணுகோபாலிடம் சென்றாள்.

"மெயில் போடாதீங்க அங்கிள். நான் கேட்டது பறவையில்லை. அதோ நிக்கறாரே, அவரைத்தான்."

குழு முழுவதும் கொல்லென்று சிரித்தது. "இறகு என்ன நிறம்மா?" என்றார் வேணுகோபால்.

"பழுப்பு, அங்கிள். தலையில மங்கி குல்லா!" என்றாள் அவள். அவர்களோடு தானும் சிரித்தாளாயினும், இமையோரம் ஈரமாகியிருந்ததை ஜகதீசன் மட்டுமே கண்டான்.

இறங்கும் வழியில், அவள் தானாகவே அவனருகில் வந்தாள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியுமேங்க. நீங்க சிரிக்கறப்பல்லாம் உறுத்துமில்லீங்களா?"

"சிரிக்கறப்பல்லாமா? இன்னிக்கு ஒரு நாள்தானே பார்க்கப்போறீங்க?"

அவன் நின்றான். பள்ளத்தாக்கில் பனி கலைந்து, ஈரத்தோகையை இழுத்துக்கொண்டு ஒரு மயில் புதருக்குள் மறைந்தது.

"ஒரு நாள் எனக்குப் போதாதுங்க... உங்களைப் பிடிச்சுப்போச்சு. முறைச்சீங்களே, அப்பவும்தான்."

அவள் இரண்டடி முன்னே நடந்தாள். அவன் பின்னாலேயே விரைந்தான்.

"தப்பாச் சொல்லியிருந்தா..."

"எங்கப்பாவுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை டியூட்டி கிடையாது," என்றாள் அவள், அவனைப் பாராமலே. "வீட்டுலதான் இருப்பார்... வாங்க."