பெயர் சொல்லாத நேர்த்தி

ரப்பர் வளையம் மேலே ஏறியிருந்தது.

வாகீசன் பேஸ்மென்ட் படியின் கடைசித் தட்டில் உட்கார்ந்து, ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்திவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மவுண்டன் பைக்கின் முன்பக்க ஃபோர்க்கில், பளபளக்கும் குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு வளையம் கிடக்கும். ஆள் ஏறினால் ஃபோர்க் பாரத்தில் அமுங்கி வளையத்தை மேலே தள்ளும். ஆள் இறங்கின பிறகும் வளையம் தள்ளின இடத்திலேயே நிற்கும். ஏறியவன் எவ்வளவு பாரம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல்நாள் குழாயைத் துடைத்து, வளையத்தை அடிவரை இறக்கி வைத்தவன் அவன்தான். இப்போது அது இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது.

வீட்டில் அவனும் மனைவி நிலாணியும் மட்டும்தான். நிலாணி அந்தச் சைக்கிளைத் தொடுவதைவிடப் பாம்பைத் தொடுவாள்.

செப்டெம்பர் கடைசியில், வீட்டுக்குப் பின்னால் இறங்கும் பள்ளத்தாக்கில் அவன் சைக்கிளோடு விழுந்தான். தொடையெலும்பு முறிந்தது. உள்ளே உருக்குக் கம்பி வைத்தார்கள். சைக்கிளுக்கு ஒரு கீறல் மட்டும். "அதுக்கு ஒண்டும் ஆகேல்லை, பாத்தியளே" என்று நிலாணி வந்த சனத்துக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் குசினிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். நாற்பது வயது, கனடாவின் மார்க்கம் நகரில் நல்ல வேலை, ஸ்கார்பரோவில் சொந்த வீடு. பிறகேன் இந்த மனிசன் காட்டுக்குள் போய் விழுந்தெழும்புகிறான் என்று சொந்தக்காரர் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அவனாலும் விளக்க முடிந்ததில்லை. விளிம்பில் நிற்கும்போது முன்சில்லு மெல்லச் சரியும். வயிறு மேலேயே தங்கிவிடும். வேர்களும் கல்லுகளும் எதிரே ஓடிவரும். மோர்ட்கேஜ் கடனும் மனேஜரும் தலையிலிருந்து கழன்று விழுவார்கள். கீழே ஓடைக்கரையில் வந்து நிற்கையில் உடம்பு முழுக்கச் சேறும் மனம் முழுக்கச் சந்தோசமுமாய் இருக்கும். வேறெதிலும் அவனுக்கு அது கிடைத்ததில்லை. அதனால்தான் இப்போதும் நாள் தவறாமல், ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் அரைந்து இறங்கி வந்து, ஓடாத சைக்கிளைத் துடைத்துவிட்டுப் போனான்.

வளையத்தைத் திரும்ப இறக்கிவிட்டான். நானே எப்போதாவது சாய்ந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டான்.

அந்தக் கிழமை முழுவதும் அவனுக்குத் தாங்க முடியாத அலுப்பு. பகல் முழுக்கச் சோபாவில் கிடப்பவனுக்கு, காலையில் எழும்பும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. கெண்டைக்கால் இறுகிக் கிடந்தது. உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன. சாப்பிட்டாலும் ஒட்டவில்லை, காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஓடின களைப்பு இருந்தது, ஓடின சந்தோசம் மட்டும் இல்லை. அதுதான் அவனுக்குப் பெரிய வயிற்றெரிச்சலாக இருந்தது.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வரச்சொல்லும் ஸ்டெபனி அவன் நல்ல காலை அமத்திப் பார்த்துவிட்டு, கள்ளமாகச் சைக்கிள் ஓடுகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த நிலாணி சிரிக்கவில்லை. காருக்குள் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நான் வேலைக்குப் போன பிறகு உதிலை ஏறுறனீங்களோ?"

"விசரே உமக்கு? நான் நடக்கவே ஏலாமக் கிடக்கிறன்."

"அப்ப பேஸ்மென்ட் படியில சேறு எப்பிடி வந்தது? நான்தானே துடைச்சனான்."

அவன் ஊன்றுகோல்களின் அடியைத் திருப்பிப் பார்த்தான்.

நவம்பர் நடுப்பகுதியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நிலாணி வேலையால் வர இன்னும் நேரம் இருந்தது. விளக்கைப் போட எழும்பும் அலுப்பில் அவன் இருட்டிலேயே கிடந்தான். ஹீற்றர் ஒருமுறை இரைந்து ஓய்ந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகியது. தெருவில் யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்தினார்கள். அதெல்லாம் அடங்கின பிறகு, கீழேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

டிக்டிக்டிக்டிக்.

சைக்கிளோட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள விட்டால் பின்சில்லுக்குள் எழும் சத்தம். யாரோ மிதித்து முடித்து, இப்போது இறக்கத்தில் விட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு மணம் படியேறி வந்தது: ஊறின இலை, ஓடைச் சேறு, குளிர்ந்த கல்.

அவன் இறங்கிப் போய் விளக்கைப் போட்டபோது சில்லு அசையவில்லை. டயரில் ஈரம். சீட்டில் கையை வைத்தான். சூடாக இருந்தது. வளையம் நாலு விரற்கடைக்குமேல் ஏறியிருந்தது. அந்த உயரம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் ஏறினால் நிற்கும் உயரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் குறை.

வெள்ளிக்கிழமை நிலாணி கோயிலுக்குப் போய் வந்து அவன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"வெள்ளிக்கால் ஒண்டு வாங்கி உண்டியலில போட்டிட்டன். முருகனுக்கு நேர்ந்தனான், உங்கடை கால் தப்பவேணும் எண்டு. இனிப் பயமில்லை."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"நீங்களும் ஏதும் நேர்ந்தனீங்களோ?"

"ஓம். விழுந்து கிடக்கேக்க."

"என்னெண்டு?"

"சைக்கிளைத் தாறன், காலை விட்டிடு எண்டு."

"ஆருக்கு?"

"பேர் சொல்லேல்லை, நிலாணி. நோவில சும்மா சத்தமாச் சொன்னனான்."

அவள் கையிலிருந்த திருநீறு சரிந்து கம்பளத்தில் கொட்டியது.

"அந்தக் காட்டுக்குள்ள, பேர் சொல்லாம நேர்ந்தால், ஆர் கேட்டதெண்டு எப்பிடித் தெரியும்?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்று அதைச் சொன்னதும் ஓடையின் இரைச்சல் நின்றது. இலைச் சருகில் ஏதோ மெதுவாக வந்து, அவன் தலைமாட்டில் குந்தியது. உயிர் போகும் நோவு அந்தக் கணமே விட்டது. மயக்கம் என்று டாக்டர் சொன்னார். அவனும் அப்படியே நம்ப விரும்பினான்.

"அப்ப கொண்டுபோய் அங்கையே விட்டிட்டு வாருங்கோவன்" என்றாள். "கால் முக்கியமோ, அது முக்கியமோ?"

கால்தான் என்று அவன் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கால் போனால் போகட்டும் என்று ஒரு நொடி மனம் நினைத்தது. நினைத்ததற்கு வெட்கப்பட்டான். ஆனாலும் நினைத்தான். அன்று மாலையே சைக்கிளைச் சங்கிலியால் தூணோடு பூட்டித் திறப்பைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டான்.

பூட்டியும் பயனில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சத்தம் வந்தது. வளையம் அவனுடைய உயரத்தைத் தொட்டது. அவனுக்குக் கரண்டி தூக்கவும் தெம்பில்லாமல் போனது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருந்தைப் போட்டுவிட்டு உறங்கினவன், எழும்பிக் கீழே இறங்கிப் பார்த்தான். தூணும் சங்கிலியும் மட்டும் இருந்தன.

"நான்தான் திறப்பை எடுத்தனான்" என்றாள் நிலாணி, படியின் மேலே நின்று. அன்று வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள். "ஜனார்த்தன் எண்டு ஒரு பெடியன் ஒஷாவாவிலயிருந்து வந்து ஏத்திக்கொண்டு போட்டான். உங்களாலை குடுக்க ஏலாது. அதுதான் நான் குடுத்தன்."

"காசு வாங்கினீரோ?"

"வாங்காமல் சும்மாவே குடுக்கிறது?"

"அப்ப அது குடுத்ததில்லை, நிலாணி." அவன் வெறும் சங்கிலியைக் கையில் எடுத்தான். "நேர்ந்த சாமானை வித்திட்டீர்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "பேய்க்கதை கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் புட்டுக்கு மா குழைக்கப் போனாள். அவளுடைய கைபேசியில் அந்தப் பெடியனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான் வாகீசன். யாரும் எடுக்கவில்லை.

ஐந்து மணி. இருட்டு. கண்ணாடிக்கு வெளியே அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. குசினியில் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி கிளம்பும் மணம். அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கீழே ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. சைக்கிள் ஒஷாவாவில்.

டிக்டிக்டிக்டிக்.

வெறும் பேஸ்மென்டில்.

சத்தம் ஒரு வட்டம் சுற்றியது. தேடியது. தூணடியில் நின்றது. திரும்பவும் சுற்றியது. பிறகு நின்றது.

படியில் ஈரக் காலடி.

நிலாணியைக் கூப்பிட வாயெடுத்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புட்டு மணம் போய்விட்டது. ஊறின இலை. சேறு. கல்.

சோபாவின் பின்னால் வந்து நின்றது.

மூச்சில்லை. அசைவில்லை.

பிறகு ஏறியது.

முதுகில் பாரம் இறங்கியது. அவன் அமுங்கினான். இடுப்பு அமுங்கியது. கழுத்து அமுங்கியது. சரியாக ஓர் ஆளின் பாரம். அவனுடைய பாரம். இரண்டு ஈரக் கைகள், ஹாண்டிலைப் பிடிப்பதுபோல், அவன் தோளெலும்புகளைப் பிடித்தன. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடியைத் திருத்தின.

அவன் எழும்பினான். அவன் எழும்பவில்லை, கால்கள் எழும்பின. முறிந்த கால் முதலில். நோவே இல்லை. ஒன்று. மற்றது. ஊன்றுகோல்கள் சோபாவிலேயே கிடந்தன.

குசினி வாசலில் நிலாணி மாக் கையோடு நின்றாள். வாயைப் பொத்தினாள். கண் நிறைந்து வழிந்தது.

"முருகா! நடக்கிறியள்... பிடியாமல் நடக்கிறியள்!"

அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பிடி என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அழுதுகொண்டே கைதட்டினாள். அவன் கை பின்கதவைத் திறந்தது.

"இஞ்சாருங்கோ, கவனம்! பனிக்குள்ள வழுக்கும்! சப்பாத்தைப் போட்டிட்டுப் போங்கோ!"

வெறுங்காலில் பனி. வளவு. வேலிப் படலை. மரங்கள். கால்கள் ஓடத் தொடங்கின. பின்னால் அவள் சிரிப்பது இன்னும் கேட்டது. பிறகு சிரிப்பு நின்று அவன் பெயர் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

விளிம்பில் கால்கள் நின்றன. கீழே இருட்டு. வேர்கள். கல்லுகள். ஓடை இரைச்சல் நின்றுபோயிருந்தது.

தோள்கள் மெல்ல முன்னால் சரிக்கப்பட்டன. அவன் காதோரம் யாரோ, சந்தோசம் தாங்காமல், ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்கள்.