அதே பெயரில் இன்னொன்று

கழற்றிப் பைக்குள் போட்ட கருவி இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

சூர்யகலா செல்போனை மறுபடி பார்த்தாள். போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டை அளக்க அவள் மாட்டியிருந்த சின்னப் பெட்டி அது. ராசிங்காபுரத்துப் பெண். கிளவுடில் ஒரு சர்வர் செத்தால் அதன் வேலையை இன்னொன்று எப்படி ஏற்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வை ஒப்படைக்கும் நேரத்தில் இப்படிப் பேய்க்கணக்கு வந்தால் இத்தனை வருடப் பாடும் பாழ். பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் முத்துப்பாண்டிக்கு ஒரு வழக்கம். அடுப்பு மூட்டிக் கதவைத் தாழிடும் முன், அன்றைக்கு உள்ளே போய்வந்த ஒவ்வொருவரையும் பேர்சொல்லிக் கூப்பிடுவார். முற்றத்திலிருந்து பதில் வந்த பிறகே தாழ் விழும். விழுந்தால் விடியும்வரை திறக்க மாட்டார். காலையில்தான் அவள் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"எங்க சர்வரும் இப்படித்தாண்ணே. கூப்பிட்டுப் பதில் வரலைன்னா, அதே பேர்ல இன்னொண்ணு வந்து சோலியப் பாக்கும். வெளிய இருக்கவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப பழசு, தாயி?"

"நிறுத்திப்புடுவோம். ஒரே பேர்ல ரெண்டு இருந்தா குழப்பம்ல."

சாயங்காலம் மூடுபனி இறங்கி முற்றத்தை விழுங்கியிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் வேறேதும் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு நிமிட வேலைதானே என்று யாரிடமும் சொல்லாமல் ஸ்டோருக்குள் நுழைந்தாள். பச்சை ஏலக்காயின் நெடி நெஞ்சை அடைக்க, வெளியே எரியும் அடுப்பிலிருந்து தரையோடு ஓடிய தகரக் குழாய்கள் சூடேறி ஒவ்வொன்றாய்ச் சடசடக்க, அடுக்கடுக்கான தட்டுகளின் நிழல் தன்னோடு நகர்வதைப் பார்க்காதவள்போல் கடைசிச் சுவர்வரை போனாள். பெட்டி மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருந்தது.

செல்போன் அதிர்ந்தது. இப்போது செய்தி பெட்டியின் பெயரில் வரவில்லை.

சூர்யகலா: இருக்கிறேன்.

வெளியே முத்துப்பாண்டி கூப்பிடத் தொடங்கியிருந்தார். அமுதவள்ளி. பதில் வந்தது. கருத்தம்மா. வந்தது.

"சூர்யகலா."

வாயைத் திறந்தாள். சூட்டில் தொண்டை ஒட்டிக்கொண்டது. இருமினாள்.

"வந்துட்டேண்ணே. வெரசாப் பூட்டுங்க."

அவள் குரல். முற்றத்திலிருந்து.

தாழ் விழுந்தது.

ஓடினாள். கதவை அறைந்தாள். கத்தினாள். கனத்த மரம். வெளியே ஜீப்பு உறுமியது. பெண்களை ஊரில் இறக்கிவிட்டு வர முத்துப்பாண்டியும் ஏறிக்கொள்ள, அவர்கள் பேச்சு தேய்ந்து மறைந்தது.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள்.

பனிக்குள் ஒருத்தி நின்றாள். அதே சுடிதார். தோளில் அதே பை. கண்ணாடிப் பக்கம் திரும்பி, அவசரமில்லாமல் பார்த்தாள்.

பிறகு அடுப்பு வாயருகே குனிந்து ஒரு விறகை உள்ளே தள்ளினாள். இன்னொன்றை எடுத்தாள்.