கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம்

“ஃபைலைத் தொட்டவன் மனுஷனா இருக்கட்டும், மந்திரியா இருக்கட்டும், ஆவியாவே இருக்கட்டும். தொட்ட நேரம் என் ஸ்கிரிப்ட்ல மாட்டிக்கும். இனிமே இந்த உலகத்துல பொய்த் தேதின்னு ஒண்ணு கிடையாது.”

யக்ஞநாராயணன் இதை அறிவித்தபோது அவன் கையில் பாதி கடித்த கேன்டீன் போண்டா இருந்தது. இருந்தாலும் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகத்தைப் பற்றிப் பேசும்போது யக்ஞு சிரிப்பதில்லை.

1993 ஏப்ரல். வண்டலூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எங்கள் கல்லூரி. இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. முந்தைய வருடத்து மகான்கள் கெடு முடிந்த பிறகும் ரகசியமாகத் திருத்திக்கொண்டே இருந்ததால், இந்த முறை துறைத் தலைவர் ஒரு விதி போட்டார். ஒருவனுடைய கம்ப்யூட்டர் கணக்கில் ஒரே ஒரு கோப்பு ஐந்து மணிக்கு மேல் திருத்தப்பட்டிருந்தாலும் அவன் புராஜெக்ட் செல்லாது. ஆறு மாதம் அரியர்.

விதி போட்டாயிற்று. தேதியைப் பார்ப்பதுதான் சிக்கல். எங்கள் லேபில் மூன்று கம்பெனிகளின் மெஷின்கள் இருந்தன. ஒன்று மாதத்தை முதலில் சொல்லும், ஒன்று நாளை முதலில் சொல்லும், மூன்றாவது கொஞ்சம் பழைய கோப்பென்றால் மணியை விழுங்கிவிட்டு வருடத்தை மட்டும் சொல்லும். மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஓடி, எல்லாக் கோப்புகளின் திருத்தத் தேதியையும் ஒரே மாதிரி காட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டியிருந்தது. யக்ஞு கையைத் தூக்கினான்.

அவனுக்கு வேலை ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஜூலையில் மெட்ராஸில் ஒரு கம்பெனி. அரியர் இருந்தால் வேலை இல்லை என்பது நிபந்தனை. அவன் அப்பா லக்ஷ்மிநாராயணன் சேலையூர் கேம்ப் ரோட்டில் இஸ்திரிக்காரர் வரைக்கும் செய்தியைச் சொல்லி முடித்திருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் லேபுக்குப் போனோம். அது பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஏ.சி.க்காக ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். வெளியே தார் உருகும் வெயில், உள்ளே ஈரத்துணி வாசனையும் குளிரும் அரையிருட்டும். மெஷின்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. லேபுக்குப் பொறுப்பு காந்திமதி மேடம். சாவி அவர் கைப்பையில்தான் இருக்கும். அவரைத் தவிர யாரும் திறக்க முடியாது.

ஸ்கிரிப்ட் ஓடியது. மூன்று மெஷின்களிலும் ஓடியது. யக்ஞு நாற்காலியில் சாய்ந்து, பாராட்டுக்கு வசதியாக முகத்தை வைத்துக்கொண்டான்.

“டேய், இது என்ன?” என்றேன்.

அவனுடைய கணக்கிலேயே ‘ஃபைனல்’ என்று ஒரு கோப்பு. திருத்தப்பட்டது ஞாயிறு சாயங்காலம்.

“இது நான் எழுதினது இல்லையே.”

“ஞாயித்துக்கிழமை வந்தியா?”

“ஞாயித்துக்கிழமை தாம்பரத்துல முடி வெட்டிண்டிருந்தேன். லேப் பூட்டி, மெஷினே ஆஃப்டா. கடிகாரம் தப்பா ஓடறது.”

கோப்பை அழித்தான். கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தான். இரண்டும் சரியாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை கோப்பு திரும்ப வந்திருந்தது. முந்தைய நாள் லேப் பூட்டிய பிறகு திருத்தப்பட்டதாக ஸ்கிரிப்ட் சொன்னது.

“மச்சான், நீதானே? ஒழுங்கா சொல்லிடு.”

“உன் பாஸ்வேர்ட் எனக்கு எப்படிடா தெரியும்?”

“என் அறிவு மேல உனக்குப் பொறாமை.”

பாஸ்வேர்டை மாற்றினான். அவனைத் தவிர யாரும் எதையும் எழுத முடியாதபடி கணக்கைப் பூட்டினான். கோப்பை மறுபடி அழித்தான்.

அன்று ஐந்து மணிக்குத்தான் காந்திமதி மேடத்தின் வழக்கத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தோம். மெஷினை அணைப்பதற்கு முன்னால் அவர் எல்லாத் திரைகளுக்கும் ஒரே சமயத்தில் ஒரு செய்தி அனுப்பினார். நேரமாகிவிட்டது, சேவ் செய்துவிட்டு வெளியே வரவும், தயவுசெய்து. லேபில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான், அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னலோர டெர்மினலைப் பார்த்தபடி காத்திருந்தார். அணைத்தார். நாங்கள் வெளியே வந்த பிறகும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். யாரோ வருவதற்கு வழிவிடுவதுபோல. அதற்குப் பிறகுதான் பூட்டினார்.

கேன்டீனில் யக்ஞு இதை நடித்துக் காட்டினான். “நாற்காலி சார், சேவ் பண்ணிட்டீங்களா? மேஜை மேடம், பார்த்து வாங்க, படி இருக்கு.” கதவுக்குப் பதில் கேன்டீன் தட்டியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குக் குனிந்து வணக்கம் போட்டான். இரண்டு மேஜை கைதட்டியது.

புதன்கிழமை நாங்கள் மேடத்துடன் உள்ளே இருந்தபோது, அட்டெண்டர் சேட்டு தலையை மட்டும் நீட்டினான்.

“இன்னா சார், உள்ள மூணு பேர்தானே கீறீங்கோ. வெளியே நாலு ஜோடி செருப்பு கீதே. யார்து அது?”

போய்ப் பார்த்தோம். மூன்று ஜோடி.

“பேஜார் பண்ணாத சேட்டு,” என்றான் யக்ஞு.

“இப்பத்தான் சார் பாத்துகினு வந்தேன். அந்து போய் கம்பி வெச்சுக் கட்ன செருப்பு.” சேட்டு தரையையே பார்த்தான். அதற்குப் பிறகு அவன் மாடி ஏறவில்லை. அவன் நிரப்பும் குடிதண்ணீர்ப் பானை படிக்கட்டின் அடிக்கு இறங்கிவிட்டது.

உள்ளே திரும்பியபோது லேபில் ஒரு வாசனை இருந்தது. பிளாட்பாரத்தில் ரயில் திடீரென்று பிரேக் போட்டால் வருமே, கருகிய இரும்பு, அது.

யக்ஞு ஸ்கிரிப்டை ஓட்டினான். கோப்பு வந்திருந்தது. முன்னைவிடப் பெரிதாக.

இந்த முறை அழிக்காமல் திறந்தான். உள்ளே ஒரு புரோகிராம். சுத்தமான, அவசரமில்லாத கை. யக்ஞுவுடையதைவிட நன்றாக இருந்தது என்பதை அவன் முகமே சொல்லிவிட்டது. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது. முதல் வரியில் எழுதியவர் பெயர்.

எஸ். சத்தியநாதன், 1991.

மேடம் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார். ஒரு விரலால் அந்தப் பெயரைத் திரையில் தொட்டார்.

“உன் யூஸர் நம்பர் அவனோடதுப்பா.”

“என்ன மேடம்?”

“மெஷினுக்குப் பேர் தெரியாது. நம்பர்தான் தெரியும். படிச்சு முடிச்சவங்க பேரை எடுத்துட்டு, அதே நம்பரை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம். எல்லா காலேஜ்லயும் அப்படித்தான். அவன் எது எழுதினாலும் நீ எழுதினதாத்தான் மெஷின் காட்டும்.”

“அவர் இப்ப எங்க வேலை பாக்கறார்?”

மேடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கெடு அன்னிக்கு அவன் இன்னும் முடிக்கலை. அஞ்சு மணி ஆச்சு, ரூல் ரூல்தான்னு நான் ஆஃப் பண்ணிட்டேன். சேவ் பண்ணாதது எல்லாம் போச்சு. ஒண்ணும் பேசாம எழுந்து போனான். ரோட்டைத் தாண்டி லைன்ல இறங்கி…” ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கறுப்புக் காகிதத்துக்கு அப்பால் தண்டவாளம். “வண்டி வந்ததை அவன் கவனிக்கலைன்னு சொன்னாங்க.”

யக்ஞு திரையிலிருந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

“வேற நம்பர் குடுங்க மேடம்.”

“குடுத்தா உன் ஃபைல் எல்லாத்தையும் மாத்தணும். தேதி குழம்பும். ஹெச்.ஓ.டி. காரணம் கேப்பார். என்ன சொல்லட்டும்? செத்துப்போனவன் எழுதறான்னா?”

பல்கலைக்கழக விதிகளில் அதற்கு இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. கோடை மழை வரும்போல இருந்தது, வரவில்லை. மேடம், யக்ஞு, நான். ஐந்து மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டி, வரும் பிரிண்டைத் துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். யக்ஞு தன் புராஜெக்டைக் காலையிலேயே முடித்திருந்தான். ஃபைனலை அழித்தும் இருந்தான்.

நான்கரைக்கு ஒத்திகை பார்த்தோம். முப்பது பேர் கோப்புகளும் ஒழுங்காக வந்தன. அவன் வரியில் ஃபைனல்.

திருத்தப்பட்டது நான்கு முப்பது.

மறுபடி ஓட்டினான். நான்கு முப்பத்தொன்று.

அவன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினான், போலீஸ் துப்பாக்கி நீட்டியதுபோல. ஒரு விரலால் மட்டும் தொட்டு இன்னொரு முறை ஓட்டினான்.

நான்கு முப்பத்திரண்டு.

“அழிச்சிடு,” என்றேன். அழித்தான். அடுத்த ஓட்டத்தில் இருந்தது. அழித்தான். இருந்தது. ஏ.சி. குளிரிலும் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அது கேட்டது.

டக்.

டக் டக்.

ஜன்னலோர டெர்மினல். திரை இருட்டாக இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. கீபோர்டின் விசைகள் மட்டும் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. வேகம் இல்லை. யோசித்து யோசித்து எழுதுகிறவனின் தட்டல்.

கருகிய இரும்பு வாசனை தொண்டைவரை வந்தது.

“மெஷினை ஆஃப் பண்ணிடலாம் மேடம்,” என்றான் யக்ஞு. குரல் காற்றாக வந்தது. “ப்ளீஸ்.”

“மாட்டேன்.” மேடம் சுவரோடு ஒட்டி நின்றார். “ஒரு தடவை பண்ணிட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது.”

“அஞ்சு மணிக்கு மேல எழுதினார்னா என் வேலை போயிடும் மேடம். எங்கப்பா…”

டக் டக் டக்.

நான்கு ஐம்பத்தாறு. யக்ஞு அந்த நாற்காலியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் கீபோர்டை இழுத்து, எல்லாத் திரைகளுக்கும் போகும்படி ஒரு செய்தியை ஆங்கில எழுத்துகளில் தமிழாக அடித்தான்.

அண்ணா, நேரமாச்சு. சேவ் பண்ணிட்டு வாங்க, ப்ளீஸ்.

தட்டல் நின்றது.



எல்லாத் திரைகளிலும் ஒரே சமயத்தில் ஒரு வரி விழுந்தது.

அஞ்சு நிமிஷம்.

“ரெண்டு வருஷமா தினமும் கேக்கறேன்,” என்று மேடம் முணுமுணுத்தார். “எனக்கு ஒரு நாளும் பதில் வந்ததில்லை.”

நான்கு ஐம்பத்தேழு. மேடம் சுவரை விட்டு வந்தார். யக்ஞுவை நகரச் சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டை அடித்து, மெஷினின் கடிகாரத்தை ஐந்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்தார். ரூல் ரூல்தான் என்ற அதே மேடம்.

“எழுதட்டும்,” என்றார்.

தட்டல் தொடங்கியது. இப்போது வேகமாக. யக்ஞு முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, வைவாவில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தான். சாலையில் ஒரு லாரிகூடப் போகவில்லை. கடைசியில் ஒரே ஒரு விசை அழுத்தமாக விழுந்தது, முற்றுப்புள்ளி வைப்பதுபோல. பிறகு அமைதி.

மெஷின் ஐந்து மணி என்றதும் ஸ்கிரிப்ட் ஓடியது. யக்ஞுவின் வரியில் ஃபைனல், நான்கு ஐம்பத்தொன்பது. ஐந்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

மேடம் பிரிண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, “பூட்டிட்டு வாங்கப்பா,” என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நான் ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தேன். யக்ஞு என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் ஐஸாக இருந்தன. முதலில் மேடம் தினமும் அனுப்பும் செய்தியை அனுப்பினான். காத்திருந்தான். பதில் இல்லை. பிறகு, ஒவ்வொரு மெஷினாக, முறைப்படி அணைத்தான்.

இரைச்சல் அடங்கியது. இருட்டு வந்தது.

வெளியே வந்து செருப்பில் காலை நுழைத்தேன். யக்ஞு கதவைத் திறந்து பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றான்.

“வாங்கண்ணா,” என்றான், உள்ளே பார்த்து. மிக மெதுவாக.

யாரும் வரவில்லை.

“டேய், போலாம்டா.”

“இரு.”

எல்லாம் அணைந்த அந்த அறைக்குள், ஜன்னல் பக்கத்திலிருந்து.

டக்.

நான் பாதிப் படி இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது யக்ஞு அசையாமல் நின்றிருந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டுவிடாமல் காலை முட்டுக்கொடுத்திருந்தான்.

டக் டக்.

“முடிச்சுட்டு வரட்டும்,” என்றான்.