நெளியனின் மூன்றாவது திமில்

படத்தில் நெளியனின் மூன்றாவது திமில் மீது டியூப் ஒட்டு தெளிவாகத் தெரிந்தது. சதுர ஒட்டு, இடது மூலை கிழிந்தது. அதில் அவனுக்கு ஆச்சரியமில்லை; ஒட்டியவனே அவன்தான். படம் எடுத்த நேரம் மதியம் இரண்டு பத்து என்று ஓரத்தில் பதிந்திருந்ததுதான் இடித்தது. இரண்டு பத்துக்கு நெளியன் கொட்டகைக்குள், காற்று இறக்கப்பட்டு, இரண்டு ஆணிகளில் தொங்கியபடி, ஈரக் கோணி போல நாறிக்கொண்டிருந்தான்.

ஏரியின் விளம்பரத் தாளில் நெளியன் என்ற ஏரி மிருகத்துக்கு அறுபது அடி நீளம், எழுநூறு வயது. கொட்டகையில் அவனுக்குப் பதினோரு அடி, ஆறு வயது. நான்கு டிராக்டர் டியூப், ஒரு தார்ப்பாய், இரண்டு டப்பா கறுப்புப் பெயிண்ட். அதற்கு முன்பும் ஏரிக்குள் ஏதோ இருப்பதாக ஊரில் பேச்சு இருந்தது. ஆனால் பேச்சைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

ரகசியம் மூன்று பேரோடு நின்றது. தங்கை டிக்கெட் கவுன்டரில். தங்கையின் கணவன், அதாவது மச்சான், படகில். மூன்றாவது ஆளான அவன் கரையோரக் கொட்டகையில், கயிறு சுற்றும் வின்ச்சின் கைப்பிடியோடு. நடு ஏரியில் மச்சான் படகை நிறுத்தி, "நெளியனுக்கு ஒரு வணக்கம்" என்று சொல்லி ஹாரனை மூன்று முறை அடிப்பான். மூன்றாவதற்கு இவன் கயிற்றைத் தளர்த்துவான். ஏரியடியில் கல்லோடு கட்டிய கப்பி வழியாகக் கயிறு ஓட, நெளியன் மேலே மிதப்பான். பன்னிரண்டு எண்ணி மறுபடி இழுத்து அமுக்கிவிட வேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் செல்போன்களுக்கு ஃபோகஸ் கிடைத்துவிடும்.

ஆறு வருஷம். தினம் நான்கு முறை.

இன்று காலை டியூப் ஒன்று காற்றுப் போனதால் நெளியனைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினான். கயிற்றின் மறுமுனையில் ஒரு காலி டப்பாவைக் கட்டி மிதக்கவிட்டான். "இன்னிக்கு நெளியனுக்கு லீவு" என்று மச்சானிடம் சொல்லியும் விட்டான். இப்போது, யாரோ ஒரு பயணி எடுத்த படத்தைத் தங்கை அனுப்பியிருக்கிறாள். கூடவே, 'அண்ணா, இன்னிக்கு செம.'

மச்சானுக்குப் போன் போட்டான்.

"ரெண்டு மணி ட்ரிப்புல ஹாரன் அடிச்சியா?"

"பழக்க தோஷம், அடிச்சுட்டேன். நல்லவேளை, நீ தூக்கிட்ட. பங்ச்சரை எப்ப ஒட்டுன?"

"நான் தூக்கல."

"ஆமா, உன் மாமியார் வந்து தூக்குனாங்க" என்று மச்சான் சிரித்துவிட்டு வைத்தான்.

அந்தச் சிரிப்பு ரொம்பவும் தயாராக இருந்ததாக அவனுக்குப் பட்டது. போன வாரம்தான் மச்சான் போகிற போக்கில், "கையால சுத்துறதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு மச்சான்? மோட்டார் வச்சுட்டா ஆளே வேணாம்" என்றிருந்தான். அன்று அது மோட்டாரைப் பற்றிய பேச்சாகத் தோன்றியது. இன்று ஆளைப் பற்றிய பேச்சாகத் தோன்றியது. ஆக, இரண்டாவது நெளியன் ஒன்று இருக்கிறது. வேறு கரை, வேறு கயிறு, வேறு கை. ஒன்று மட்டும் உறுத்தியது. போலி செய்கிறவன் ஒட்டையும் சேர்த்துச் செய்யலாம். ஒட்டின் கிழிசலையுமா?

தங்கையைக் கூப்பிட்டான். "அஞ்சு மணி ட்ரிப்புல நீயும் ஏறு."

"தண்ணியப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும்னு தெரியாதா? ஆறு வருஷத்துல ஒரு தடவ ஏறியிருக்கேனா?"

"உன் வீட்டுக்காரன் எனக்குத் தெரியாம வேற ஆள் வச்சு வேல பாக்குறான். கயிறு எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாத்து மட்டும் சொல்லு."

"சந்தேகத்தோட ஒட்டிப் பொறந்தவன்ணா நீ. கல்யாண போட்டோவுலயே மாப்பிள்ளைய முறைச்சுக்கிட்டுதான் நிக்கிற." பெருமூச்சு விட்டாள். "சரி, ஏறித் தொலைக்கிறேன்."

ஐந்து மணிக்கு ஏரியின் மேல் பனி இறங்கியிருந்தது. கொட்டகையின் ஒற்றை ஜன்னலில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ரப்பரும் பாசியும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றத்தை மூச்சுக்கு மூச்சு விழுங்கிக்கொண்டு, படகின் வெள்ளை உடம்பு சோப்புத் துண்டைப் போலக் கரைந்து கரைந்து நடு ஏரிக்குப் போவதையும், அதன் ஓரத்தில் தங்கையின் மஞ்சள் ஸ்வெட்டர் ஒரு புள்ளியாகக் குறுகுவதையும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நெளியன் சொட்டிக்கொண்டிருந்தான். காலையில் மாட்டியது. இன்னும் சொட்டுகிறதே என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். நெளியன் காய்ந்து, தோல் சுருங்கி, பேசாமல் தொங்கினான்.

சொட்டியது கயிறு.

வின்ச்சிலிருந்து தரையில் தொளதொளவென்று கிடந்த கயிறு, இப்போது ஜன்னலுக்குக் கீழிருந்த ஓட்டை வழியாக ஏரிக்குள் நேர்கோடாக நின்றது. விரலால் தொட்டான். வீணைத் தந்தி போல அதிர்ந்தது. மறுமுனையில் இருப்பது காலி டப்பா.

முதல் ஹாரன்.

பயந்து அல்ல, கோபத்தில்தான் அவன் தங்கைக்குப் போன் போட்டான். மச்சான் கயிற்றைக்கூடத் திருடிவிட்டான் என்ற கோபம்.

"அண்ணா, இங்க ஒரு கயிறும் இல்ல. நல்லா எட்டிப் பாத்துட்டேன்."

இரண்டாவது ஹாரன், போனுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு தரம் கேட்டது.

மூன்றாவது.

வின்ச்சின் கைப்பிடி தானாகச் சுற்றியது. கடகடவென்று அல்ல. நிதானமாக. அவன் சுற்றுகிற அதே நிதானத்தில்.

"வந்துடுச்சுண்ணா! பக்கத்துலயே. அண்ணா, நீ எங்க இருக்க?"

"கொட்டகையில." அவன் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். நான்கு. ஐந்து. "ஒட்டு தெரியுதா?"

"தெரியுது. மூலை கிழிஞ்ச ஒட்டு." போனில் ஆட்கள் கைதட்டுவது கேட்டது. எட்டு. ஒன்பது. "அண்ணா..."

"சொல்லு."

"ஒட்டு மூடித் திறக்குதுண்ணா."

பதினொன்று. பன்னிரண்டு.

கைப்பிடி நிற்கவில்லை.

பதின்மூன்று.

கைதட்டல் நின்றது. போனும்.

கயிறு முழுவதும் ஓடித் தீர்ந்து, முனை வின்ச்சிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓட்டைக்குள் போனது. அவன் ஜன்னலில் நின்று கத்தினான். தங்கையைக் கூப்பிட்டான். மச்சானைக் கூப்பிட்டான். மோட்டார் வைத்துக்கொள், யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று கத்தினான். பனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

பிறகு படகு வந்தது.

இன்ஜின் சத்தம் இல்லை. ஆனால் வந்தது. கரையை நோக்கி நேராக. வெள்ளை உடம்பு, பாசி படிந்த அடிப்பாகம், தார் பூசிய விரிசல், வளைந்த சுக்கான். எல்லாம் சரி. தண்ணீருக்குக் கீழே எது இருக்குமோ அதெல்லாம் அச்சு அசலாகச் சரி.

மேலே பயணிகள். விளிம்பில் வரிசையாக. எல்லோரும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் செல்போன்.

படகு கரையில் முட்டியது. ஒருவரும் தலை தூக்கவில்லை. யாரும் எழுந்து நிற்கவும் இல்லை. அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மனிதர்கள் எப்படித் தெரிவார்களோ, அப்படியே இருந்தார்கள்.

சுக்கானருகில் மச்சான். அவனும் குனிந்தபடி. வாய் திறந்தது. அதிலிருந்து ஹாரன் வந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதற்கு அவன் கை தானாக வின்ச்சைத் தேடியது. ஆறு வருஷப் பழக்கம்.

அப்போது ஒரே ஒரு தலை மட்டும் நிமிர்ந்தது. மஞ்சள் ஸ்வெட்டர். சொட்டச் சொட்ட. நெற்றி இருந்தது. தாடை இருந்தது. ஏரிக்குள் இருப்பது அவளை ஆறு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை; இன்றுதான் பார்த்தது, அதுவும் பன்னிரண்டு எண்ணுகிற நேரம். தெரியாத இடத்தையெல்லாம் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றால் நிரப்பியிருந்தது.

கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம். இடது மூலை கிழிந்தது.

மெல்ல மூடியது.

திறந்தது.