அட்டையில் எல்லோரும் வெளியே

ரீடர் சுவரைப் பார்த்துக் கத்தியது.

மதன்குமார் அப்போது அதன் கண்ணாடியில் எச்சில் தொட்டுச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஈரம் படக்கூடாது, உலர்ந்த மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது கூடவே வந்த கையேட்டின் நான்காவது விதி. கையேடு அவனுடைய டீ டம்ளருக்கு மூடியாக இருந்தது. கீழே போடக்கூடாது என்று இன்னொரு விதி. மூன்று முறை போட்டாயிற்று. வேறு சார்ஜர் செருகக்கூடாது. அதன் சார்ஜரை எலி கடித்த நாளிலிருந்து ரீடரும் அவன் போனும் ஒரே வயரில் முறை வைத்துப் பசியாறிக்கொண்டிருந்தன. பாட்டரி உப்பிப் பின்மூடி பிதுங்கியபோது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினான். அதற்கு மட்டும் விதி இல்லை. ஒரு மனிதன் அவ்வளவு தூரம் போவான் என்று கையேடு எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

மறுபடியும் ஒரு பீப்.

சுவருக்கு அந்தப் பக்கம் குடோன். கேரள மலையிலிருந்து இறங்கி வந்த ஏலக்காய் மூட்டைகள் நாற்பத்தைந்து நாளாகப் பூட்டிக் கிடந்தன. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு டேக் உண்டு. ரீடரை நீட்டி விசையை அழுத்தினால் மூட்டை என்றால் நம்பர் வரும். ஆள் என்றால் பெயர் வரும்.

பெயர் வந்திருந்தது. செல்லப்பாண்டி. சிக்னல் ஒரு கோடு.

"என்னண்ணே, அதுக்கும் பசியா?" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாகஜோதி.

"கிறுக்குப் பிடிச்சிருச்சுத்தா. சும்மா கத்துது."

திரையைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டான்.

குடோனில் வேலை செய்த பதினோரு பேருக்கும், அவனையும் சேர்த்து, கழுத்தில் தொங்கும் டேக் உண்டு. சாயங்காலம் ஷட்டர் இறக்குமுன் வாசலில் நின்று ரீடரைக் காட்ட வேண்டும். பதினோரு பெயரும் வெளியே என்று பதிவானால்தான் பூட்டலாம். முதல் வாரம் முழுக்க ஆறு பெயர்தான் வந்தது, சில நாள் ஏழு. மதுரையிலிருந்து சொல்லிக்கொடுக்க வந்தவர் காரணம் சொன்னார். மனுஷ உடம்பு முக்கால்வாசித் தண்ணீர். வேர்த்த நெஞ்சில் ஒட்டிக் கிடக்கும் டேக் பேசாது. வெளியே எடுத்துத் தொங்க விட்டால் பேசும். லோடுமேன்கள் தலையாட்டினார்கள். மறுநாளும் சட்டைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். மூட்டை ஏற்றும்போது கயிறு கொக்கியில் மாட்டினால் கழுத்தை அறுத்துவிடும், அவர்கள் பயம் அவர்களுக்கு.

பெயர் எண்ணி முடிவதற்குள் தினமும் பஸ் போய்விட்டது. கடைசியில் மதன்குமார்தான் வழி கண்டுபிடித்தான். பதினோரு பேருக்கும் இன்னொரு டேக் போட்டு, ஒரு காலண்டர் அட்டையில் வரிசையாக ஒட்டி, வாசல் ஆணியில் தொங்கவிட்டான். ரீடரை அட்டைக்கு நேரே பிடித்து ஒரு அழுத்து. பதினோரு பீப். எல்லோரும் வெளியே. ஆயுத பூஜை அன்று முதலாளி அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நாற்பத்தைந்து நாளுக்கு முன், வண்டுக்கு மருந்து வைத்துப் பூட்டும் நாளில், மூன்று மணி வாக்கில் அவன் சொன்னது ஒன்றே ஒன்று. "ஏலே செல்லப்பாண்டி, கடைசி அடுக்குக்குப் பின்னால ரெண்டு மூட்டை சரிஞ்சு கெடக்கு. நிமித்திட்டு வா." பிறகு டீ வந்தது. பிறகு பஸ் நேரம் வந்தது. ஐந்து பன்னிரண்டுக்கு அட்டையைக் காட்டினான்.

மறுநாள் காலை ஷட்டர் வாசலில் ஒரு ஜோடி செருப்பு மீதி கிடந்தது. நீல வார். இடது வாரில் ஊக்குப் போட்டிருந்தது. உள்ளே மருந்து, திறக்க முடியாது, திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆள் வருமுன் செருப்பை எடுத்துப் போய் வாய்க்காலில் விட்டான். அட்டையில் இருந்த செல்லப்பாண்டியை உரித்து அடுப்பில் போட்டான். விசாரிக்க வந்தவர்களிடம் ஐந்து பன்னிரண்டு மணிப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். மிசினே சொல்லிவிட்ட பிறகு அவர்களுக்கும் கேட்க ஒன்றுமில்லை.

செல்லப்பாண்டியின் பெண்சாதி நதியா மட்டும் சுருளிப்பட்டியிலிருந்து திங்கள்தோறும் தேவாரத்துக்கு பஸ் ஏறி வந்தாள்.

"கேரளாப் பக்கம் வேலைக்குப் போயிருப்பாப்லம்மா. மிசின்ல வெளிய போனதாத்தான் இருக்கு."

"மிசினு சொல்லட்டும்ண்ணே. வீட்டுலயும் செருப்பு இல்ல, வாசல்லயும் இல்லங்கிறீக. அந்த ஊக்கு நான் மாட்டிவிட்டது. அது எங்கன இருக்குன்னு சொல்லுங்க, நான் வரல."

நேற்று பின்பக்கச் சின்னக் கதவை மட்டும் திறந்து எடுத்த சாம்பிளில் மறுபடியும் வண்டு. இன்று நாலு மணிக்கு மறுபடியும் மருந்து. அதோடு சாவி மருந்து கான்ட்ராக்டர் கைக்குப் போய்விடும். அடுத்துத் திறக்கும் நாளில் சரக்கு வாங்குபவனின் ஆட்கள் அவர்களுடைய ரீடரோடு வாசலில் நிற்பார்கள். அவர்கள் திரையிலும் இந்தப் பெயர் வரும்.

அந்த டேக் இன்றைக்கே அவன் கைக்கு வந்தாக வேண்டும். மணி இரண்டரை. போன் சார்ஜில் கிடக்கட்டும்.

"ஜோதி, நான் தேனி வரைக்கும் போயிட்டு வர்றேன். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

"மருந்துக்காரக வந்தா செக்கு பாக்கணும்லண்ணே? ரீடர நீங்க கொண்டு போறீக."

"பழசு ஒண்ணு பீரோவுல இருக்கு. அட்டையக் காட்டி அழுத்து. போதும்."

பின்பக்கச் சின்னக் கதவு வழியாக நுழைந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். வெளியே ஒரு ஜோடி கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினான்.

ஏலக்காய் வாசனை முகத்தில் ஈரத்துணி போல விழுந்தது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடித் தகடு, அதிலிருந்து இறங்கிய வெளிச்சம் மேல் மூட்டைகளை மட்டும் தொட்டுவிட்டு நின்றுகொண்டது, கீழே சந்துகளில் சாக்கின் பழுப்பும் இருட்டும் ஒன்றோடொன்று கலந்து, எது மூட்டை எது இடைவெளி என்று கையை நீட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மருந்து வைத்த குடோனில் எலி இருக்காது. பல்லி இருக்காது. சிலந்திகூடத் தன் வலையில் சுருண்டு காய்ந்து கிடக்கும். ஏதாவது அசைகிறது என்றால் அது உள்ளே வந்தவன்தான்.

ரீடரில் தேடும் முறையைப் போட்டான். டேக் பக்கத்தில் வர வர பீப் நெருக்கமாகும்.

பீப். ஒரு சந்து தாண்டினான். பீப். பீப். வேர்வை காதுக்குப் பின்னால் கிளம்பி முதுகெலும்பு வழியாக இறங்கியது. அவன் டேக் சட்டைக்குள் நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது. திரையில் செல்லப்பாண்டிக்கு இரண்டு கோடு. உடம்பில் ஒட்டிய டேக் பேசாது என்று அந்த மதுரைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் நாற்பத்தைந்து நாளாகப் பேசாதது இன்று ஏன் பேசுகிறது என்ற கேள்வியும் கூடவே வந்தது, அதற்கான பதிலும் அதன் முதுகிலேயே ஏறி வந்தது.

காய்ந்துவிட்டது.

மூன்று கோடு. கடைசி அடுக்கு. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம். அங்கே இரண்டல்ல, ஏழெட்டு மூட்டைகள் சரிந்து கிடந்தன. ரீடரை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினான். பீப் பல்லில் அதிர்ந்தது. கடைசி மூட்டையைப் புரட்டியபோது அடியில் சிமெண்டுத் தரை. அதில் பச்சைத் தூசி. தூசியில் ஒரு ஆள் முழங்காலை மடக்கிப் படுத்திருந்த வடிவம், ஒரு விரல்கூட விடாமல். தலைமாட்டில் அப்பளம் போல விறைத்த ஒரு தோள்துண்டு.

ஆள் இல்லை.

அவன் அசையவில்லை. ரீடரும் அசையவில்லை. மூன்று கோடு இரண்டானது.

பிறகு ஒன்று.

பிறகு, அடுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மறுபடி இரண்டு.

ஒரு சத்தம். காய்ந்த வாழைச்சருகை யாரோ தரையில் மெல்ல இழுத்துப் போவது போல. நின்றது. இழுத்தது. நின்றது.

சின்னக் கதவுப் பக்கம் ஓடினான். பாதி வழியில் இன்னொரு சத்தம். பர்ர்ர். சாக்கு கிழிகிறதோ என்று நினைத்தான். பர்ர்ர். கதவு இடுக்கில் வெளியிலிருந்து டேப் ஒட்டுகிறார்கள். நாலு மணிக்கு வர வேண்டியவர்கள்.

"யோவ்! உள்ள ஆளு இருக்கேன்யா!"

கதவைத் தள்ளினான். வெளியே கொண்டி போட்டிருந்தது. முன்பக்கம் ஷட்டரைப் பாதி தூக்கி மருந்து வைக்கும் சத்தம், அங்கே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்க இருட்டிக்கிட்டு வருது, சீக்கிரம் முடிச்சுருவோம் என்று ஒரு ஆண் குரல். அதற்குப் பின்னால் பீப் வரிசையாக எண்ணி முடித்தது. பத்து.

"எல்லாரும் வெளியண்ணே!" என்றாள் நாகஜோதி. "எறக்கிக்கங்க!"

"ஜோதி! ஏத்தா ஜோதி! நான் உள்ள இருக்கேன்!"

கத்தினான். ஷட்டரை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினான். ஏலக்காய் மூட்டைகள் குரலைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டன. ஷட்டர் இறங்கியது. அதே நேரம் மலையிலிருந்து வந்த மழை தகரக் கூரை மேல் மொத்தமாகக் கொட்டியது. கத்துவது அவனுக்கே கேட்கவில்லை. ஷட்டரில் குத்தினான். தகரத்தில் விழும் ஆயிரம் அடியில் அதுவும் ஒன்று.

கூரை மேல் அவர்கள் இழுத்த தார்ப்பாய் கண்ணாடித் தகட்டை மூடியது.

இருட்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஏலக்காய்க்கு நடுவே இன்னொரு வாசனை எழுந்தது. பூண்டு. அவனுக்குச் சொந்த ஊர் வடுகபட்டி. பிறந்ததிலிருந்து வீடு, தெரு, சந்தை எல்லாம் இந்த வாசனைதான். ஒரு நிமிடம் நெஞ்சு தளர்ந்து, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

குடோனில் பூண்டு இல்லை. மருந்துக்குத்தான் அந்த வாசனை.

ஷட்டரில் முதுகு கொடுத்து உட்கார்ந்தான். ரீடரை வயிற்றில் அணைத்துக்கொண்டான். ரப்பர் பேண்டு அறுந்து தெறித்தது. பாட்டரி சுட்டது. திரை மட்டும் எரிந்தது.

சருகு இழுபட்டது.

நின்றது.

செல்லப்பாண்டி. மூன்று கோடு. நாலு. ஐந்து. பீப்புக்கும் பீப்புக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக நீண்டது. அவனுக்குப் பக்கத்தில், தோளை ஒட்டி, ஏதோ ஒன்று ஷட்டரில் முதுகு கொடுத்து மெதுவாக உட்கார்ந்தது. எடையே இல்லாமல். தகரம் லேசாகச் சுரண்டியது.

திரும்பிப் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தான்.

பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வந்தது.

மதன்குமார். ஒரு கோடு.

நெஞ்சைத் தொட்டான். டேக் சட்டைக்குள்ளேயேதான் இருந்தது. தோலோடுதான் இருந்தது. சட்டையைத் தடவினான். கழுத்து. காதுக்குப் பின்னால். அக்குள்.

ஒரு சொட்டு வேர்வை இல்லை.

நாக்கால் உதட்டைத் தொட்டான். நாக்கு உரசியது, சாக்கில் சாக்கு உரசுவது போல.

இரண்டாவது கோடு எழுந்தது.