ஜாம் மினாராவின் மற்றப் படிக்கட்டு

நேற்று வரை அந்தப் படிக்கட்டு வெறுமையாக இருந்தது. இன்று கணினித் திரையில், முதல் வளைவுக்குச் சற்று மேலே, லேசர் அளவுப் புள்ளிகளின் நடுவே, ஆள் உயரத்தில் ஒரு புள்ளிக் கூட்டம் நின்றது. அளவெடுப்பில் விழுந்த பிசகாக்கும் என்று அழிக்கப்போன ஹரிஷா கையை எடுத்துக்கொண்டாள். அந்த உருவத்தின் இடது தோள் தாழ்ந்திருந்தது. நிருசன் அப்படித்தான் நிற்பான்.

இருவரும் சுவிஸின் பாசல் நகரில் ஒரே அலுவலகத்தில் கட்டடக்கலைஞர்கள்; பிறகு கணவன் மனைவி. இந்த நாட்டுப் பள்ளிவாசல்களுக்கு இனிப் புதிய மினாராக் கோபுரம் வேண்டாமென்று சனங்கள் வாக்களித்த 2009ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில்தான் அவன் ஜாம் மினாராவின் படத்தை அவளுக்குக் காட்டினான். ஆப்கான் மலையிடுக்கில், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், எண்ணூறு ஆண்டுகளாகத் தனித்து, சற்றே சாய்ந்து நிற்கும் செங்கல் தூண். கட்டிய சுல்தான்களின் நகரம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. குர்ஆனில் மரியத்தின் அத்தியாயம் மட்டும் தூணின் உடலெங்கும் செங்கல்லாலேயே எழுதப்பட்டு அப்படியே இருக்கிறது. உள்ளே, பிணைந்த பாம்புகளைப்போல இரண்டு படிக்கட்டுகள். ஒன்றில் ஏறுகிறவருக்கு மற்றதில் வருகிறவரின் முகம் தெரியாது. மேல் மாடத்தில்தான் சந்திக்கலாம்.

"நீர் ஒண்டில ஏறும், நான் மற்றதில வாறன்," என்று அவன் சொல்லியிருந்தான்.

பத்து வருடம் கழித்து லேசர் கருவியோடு அளவெடுக்கப் போன குழுவில் அவனும் இருந்தான். பனி உருகிய வெள்ளம் அவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. திரும்பி வந்த அளவுகளைப் படமாக்கும் வேலையை ஹரிஷா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஓல்டன் நகரிலிருந்து அவன் தமையன் ஜெகதீஸ்வரன் வந்து, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை இனியும் தள்ளிப்போட வேண்டாமென்று கெஞ்சினார். உடலைக் காணாமல் எப்படிச் செய்வது என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டாள். அந்த உருவம் நாளுக்கு நாள் மேலே ஏறுவதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், றைன் நதியிலிருந்து எழுந்த பனிப்புகார் யன்னல்களை மூடி, தெருவில் போன டிராமின் மணியைக்கூட எங்கோ தூரத்துச் சத்தமாக்கியிருந்தபோது, ஆளில்லாத அலுவலகத்தில் அவள் திரைக்குள், உருவம் இல்லாத படிக்கட்டு வழியாக, ஏறத் தொடங்கினாள். திரையில் செங்கற்கள் மெல்லச் சுழன்று கீழே இறங்கின. அறையில் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரக்காலடி கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

மாடத்துக்கு ஒரு வளைவு இருக்கையில் தொலைபேசி அடித்தது. ஜெகதீஸ்வரன்.

"பிள்ளை, நிருசன்ர உடலை எடுத்திட்டினம். ஆத்துக்குக் கீழ, கனதூரத்தில. மோதிரத்தை வச்சு அடையாளம் கண்டிருக்கினம்."

"எப்ப அத்தான்?"

"போன கிழமையாம். அங்கயே மண்ணில தாட்டாச்சாம்."

அவர் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. போன கிழமை. அதற்குப் பிறகும் அந்த உருவம் ஏறியிருக்கிறது. நேற்றும் ஏறியது.

திரையை அணைக்கக் கை போனது. நின்றது. அணைத்தால் அந்தத் தோளும் போய்விடும்.

ஏறினாள்.

மாடம். உடைந்த செங்கல். வெறும் வானம். எதிர்வாசலில் அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தாழ்ந்த இடது தோள்.

"நிருசன்," என்றாள்.

திரும்பியது.

கண்கள் இல்லை. வாய் இருந்தது. வாய் நிறையச் சேறு. நிருசன் இல்லை. அவனுடைய தோளை மட்டும் போட்டுக்கொண்டு வந்த வேறேதோ.

அது நடந்து வந்தது. திரை நிறைய அந்த முகம். கண்ணாடியின் உட்புறம் நீர் வழிந்தது. நடுவில் ஒரு கை பதிந்தது, விரல்களை விரித்து.

அது அவனில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்தாள்.

"வந்திட்டீங்களோ," என்றாள்.

கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் கை அவளுடையதை இறுகப் பற்றியது.