முன்சில்லு ஆடக் கூடாது!

போன் அலறியது!

சோற்றில் கைவைத்த ஜவாஹிர் திடுக்கிட்டார்.

அந்தப் போன் மத்தியானத்தில் அடிப்பதே கிடையாது. விடியக்காலையில் ஒரு தரம் அடிக்கும். கராஜ்காரர் அபூதாஹிர் கூப்பிடுவார்.

"என்ன மச்சான், உசிரோட இருக்கியா?"

"இன்னும் இருக்கன்."

அவ்வளவுதான் கதை. மனைவி மவுத்தாகி, மகளும் கட்டாருக்குப் போன பிறகு, அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க இந்தத் திருகோணமலையில் அந்த ஒரு குரல்தான் மிச்சம்.

இன்றைக்கு விடியக்காலை அது அடிக்கவில்லை.

இப்போது அடிக்கிறது... வேறு குரல்!

"காக்கா, உங்கட பட்டா லொறி ஹயருக்கு வருமா? மோட்டர் சைக்கிள் ஒண்டு கந்தளாய்க்கு ஏத்தணும்."

"ஆர் நீ?"

"பஸ்லான். ஜெட்டிக்குக் கிட்ட நிக்கிறன்."

"என்ட போன் நம்பர் எப்பிடிக் கிடைச்சுது?"

"லொறியில எழுதிக் கிடந்துதே!"

"வாறன்," என்று போனை வைத்தார் ஜவாஹிர்.

அவருடைய குட்டி லொறியில் அப்படி ஒரு எழுத்தும் கிடையாது! போன் நம்பரை ஊருக்குக் காட்டினால் முதலில் கூப்பிடுகிறவன் கள்ளன்தான் என்பது அவர் கட்சி. ஊரில் அந்த நம்பர் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. வருகிற ஹயரெல்லாம் அந்த ஆள் வழியாகத்தான் வரும்.

அபூதாஹிர்!

கூப்பிட்டுப் பார்த்தார். போன் நிறுத்திக் கிடந்தது. லொறியை எடுத்துக்கொண்டு கராஜ் வாசலால் போனார். பூட்டு! பெருநாளைக்கும் பூட்டாத கராஜ்! வாசலில் ஊருக்குள் அலைகிற மான் ஒன்று மட்டும் பழைய கடதாசியைச் சப்பிக்கொண்டு நின்றது.

பொலிசுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? கூட்டாளி இன்றைக்குக் கூப்பிடவில்லை என்றா? சிரித்து அனுப்புவார்கள்.

நேரே ஜெட்டிக்கு விட்டார்.

பஸ்லான் வாட்டசாட்டமான பொடியன். கறுப்பு மோட்டர் சைக்கிள். வாயெல்லாம் சிரிப்பு. சிரிக்கிறவனை ஜவாஹிர் ஒரு காலமும் நம்பியதில்லை.

"எஞ்சின் பழுது, காக்கா."

"பழுதெண்டா ஏன் கந்தளாய்க்கு இழுக்கிறாய்? இங்கயே அபூதாஹிர்ட கராஜ் இருக்கே."

"அப்பிடி ஒரு ஆளை எனக்குத் தெரியாது."

ஜவாஹிர் பலகையைச் சாய்த்து, அது வழுக்காமல் மேல் நுனியைக் கயிற்றால் லொறியோடு கட்டினார்.

"நான் ஹாண்டிலைப் பிடிக்கிறன். நீ பின்னால தள்ளு."

பஸ்லான் குனிந்து தள்ளினான். மேலேயிருந்து ஜவாஹிர் திரும்பிப் பார்த்தார்.

பொடியனின் சேர்ட் மேலே ஏறியிருந்தது. பின் இடுப்பில்... கத்தி! பிடியில் சிவப்பு வயர் சுற்றிய கத்தி. டியூப் வெட்ட அபூதாஹிர் வைத்திருந்தது. அந்த வயரைச் சுற்றிக் கொடுத்ததே ஜவாஹிர்தான்!

அப்படியானால்...

கொன்றுவிட்டான்! அபூதாஹிரைக் கொன்று, அவருடைய போனிலிருந்து நம்பரை எடுத்திருக்கிறான். அடுத்தது யார்?

"சைட் ஸ்டாண்டில விட்டுக் கயிறொண்டு போட்டாப் போதும், காக்கா. நேரம் போகுது."

"ஸ்டாண்ட் தரைக்குத்தான் மகன், லொறிக்கில்ல. ஒரு பள்ளத்தில விழுந்தா மடங்கிரும். ரெண்டு சில்லும் தட்டில நிக்கணும். முன்சில்லு முன்பலகையில முட்டணும், ஆடக் கூடாது. கியரில போடு. பெற்றோலைப் பூட்டு."

"உங்களோட பெரிய தொல்லை!" பஸ்லான் சிரித்தான். "வழியில ஒரு இடத்தில நிப்பாட்டணும். காட்டுப் பக்கம். ஒரு ஆளைச் சந்திக்க வேணும்."

"சந்திக்கலாம்..." ஜவாஹிர் அகலமான பெல்ட்டுகளை எடுத்தார். பல்லுக் கட்டையை ஆட்ட ஆட்ட இறுகுகிற சாதி. "இப்ப பைக்கில ஏறி இரு."

"என்னத்துக்கு?"

"முன் சொக் ஸ்பிரிங் பாதிக்கு அமுங்கி இறங்கணும். அப்பதான் பெல்ட் தளராது. என்ட எலும்புக்கு அது இறங்காது. நீ நல்லாச் சாப்பிட்ட பொடியன்."

ஏறி இருந்தான்.

"ரெண்டு கையாலயும் ஹாண்டிலை அமத்து. இன்னும்... இன்னும் அமத்து. விட்டிராத!"

பெல்ட் பறந்தது. ஹாண்டிலுக்கு மேலால் அல்ல, மணிக்கட்டுகளுக்கு மேலால்!

கிடுக்! கிடுக்!

"காக்கா, கை மாட்டுது!"

"மாட்டத்தான் போட்டனான்!"

கிடுக்! கிடுக்! இரண்டாவது பெல்ட் தொடைகளையும் சீட்டையும் ஒன்றாக்கியது. ஜவாஹிர் அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

"சொல்லுடா! அபூதாஹிர்ட மையத்து எங்க?"

"மையத்தா?" பஸ்லான் விழித்தான். பிறகு... சிரித்தான்! "காக்கா, உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையா?"

"என்னத்தை?"

அவனுடைய சேர்ட் பையில் போன் அடித்தது.

ஜவாஹிர் எடுத்துக் காதில் வைத்தார். வாய் திறக்கவில்லை.

"முடிச்சிட்டியா பஸ்லான்? பயப்பிடாத. இப்ப பழைய லொறிக்கும் தங்க விலை. இண்டைக்கே கைமாத்திரலாம். கிழவனை ஒருத்தரும் தேட மாட்டாங்க. தேடுறதெண்டா... நான் ஒருத்தன்தான்!"

விடியக்காலைக் குரல்! பின்னால் டயருக்குக் காற்றடிக்கிற மெஷின் இரைந்தது. பூட்டிய கராஜுக்குள்தான் இருக்கிறார்!

ஊரில் ஒருவனையும் நம்பாத ஜவாஹிர் நம்பியது ஒரே ஒருவனை. அந்த ஒருவன்தான் நம்பரைக் கொடுத்திருக்கிறான். கத்தியையும்!

ஜெட்டியில் அலை அடித்தது. மூதூரோ, கிண்ணியாவோ... எந்தக் கரைக்குப் போனாலும் இனி அவரைத் தெரிந்த ஆள் கிடையாது.

"என்ன பஸ்லான், சத்தத்தைக் காணல்ல? கிழவன் உசிரோட இருக்கானா, போயிட்டானா?"

ஜவாஹிர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் இருக்கன், மச்சான்."

அந்தப் பக்கம் காற்றடிக்கிற மெஷின் சட்டென்று நின்றது!

"கராஜ் கதவைத் திறந்து வை. பொலிசுக்குப் போற வழிதானே, உன்னையும் ஏத்திறன். பைக் சீட்டில இன்னொரு ஆளுக்கு இடம் கிடக்கு... பெல்ட்டும் ஒண்டு மிச்சம்!"